நான்கு போர்ஷன் வீடு: வருகிற வாடகையும் நிற்கிற பணமும்

2023 ஜூன் மாதம் கோவை ஒண்டிப்புதூரில், மூன்றரை சென்ட் நிலத்தில் கீழே இரண்டும் மேலே இரண்டுமாக நான்கு போர்ஷன்கள் கொண்ட பழைய கட்டடம் ஒன்றை வாங்கினேன். சூலூர்ப் பக்கம் இருந்த பூர்வீக நிலத்தில் என் பங்கை விற்ற பணம், இருபது ஆண்டுச் சம்பளத்தில் சேர்த்தது, வங்கிக் கடன் 25 லட்சம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அது கைக்கு வந்தது. அன்று முதல் உறவிலும் அலுவலகத்திலும் யாராவது ஒருவர், ‘மாசம் முப்பத்தோராயிரம் வாடகை வருதாமே, எங்களுக்கும் அப்படி ஒண்ணு பாருங்க’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் தனித்தனியே சொல்லிவந்ததை முழுமையாக ஒருமுறை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. ஓய்வுக்காலப் பணத்தையும் நகையையும் நிலம் விற்ற தொகையையும் இப்படிப்பட்ட கட்டடத்தில் போட நினைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்கள் வாடகைத் தொகையை மட்டும் கேட்டு முடிவெடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

முதலில் என் கணக்கையே வைக்கிறேன். கட்டடத்தின் விலை 70 லட்சம். விலை முழுவதையும் பத்திரத்தில் காட்டியதால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 6 லட்சத்து 30 ஆயிரம் ஆனது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காட்டிலிருந்து 2 ஆகக் குறைத்திருந்தார்கள், கூடவே பதிவுக்காக அரசு வைக்கிற நில மதிப்பான வழிகாட்டி மதிப்பை 2017-இல் குறைப்பதற்கு முன்பிருந்த அளவுக்கு உயர்த்தியும் இருந்தார்கள். வக்கீல் கட்டணம், வங்கிச் செலவு, வாங்கியவுடன் செய்த பழுதுபார்ப்பு எல்லாம் 4 லட்சத்து 70 ஆயிரம். ஆக மொத்தம் 81 லட்சம் இறங்கியது. இரண்டு வீடுகளுக்கு 8,000, இரண்டு வீடுகளுக்கு 7,500 என்று மாதம் 31,000, ஆண்டுக்கு 3 லட்சத்து 72 ஆயிரம். தரகர் இதை 70 லட்சத்தால் வகுத்து, ‘அஞ்சு பர்சென்ட்டுக்கு மேல வருதுங்க சார்’ என்றார். நான் போட்ட பணமோ 81 லட்சம். அதனால் வகுத்தால் 4.6 விழுக்காடுதான் வருகிறது.

அதிலிருந்தும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. முதல் ஆண்டில் சொத்து வரி 10,000, குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்குமாக 4,000, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்குமான மின்கட்டணம் 5,500, வாசலும் படியும் பெருக்கும் அம்மாவுக்கு 12,000, ஒழுகல், குழாய், மோட்டார், கதவு என்று வந்துகொண்டே இருந்த பழுதுகளுக்கு 36,000, இரண்டு வீடுகள் ஆளுக்கொரு மாதம் காலியாகக் கிடந்ததில் 15,500, அந்த இரண்டு வீடுகளுக்கும் வெள்ளையடித்துச் சரிசெய்ய 12,000. கூட்டினால் 95,000. ஆண்டு முடிவில் கையில் நின்றது 2 லட்சத்து 77 ஆயிரம், அதாவது போட்ட பணத்தில் ஏறக்குறைய 3.4 விழுக்காடு. நிரந்தர வைப்பில் போட்டிருந்தால் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வட்டி வந்திருக்கும் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அப்படியானால் ஏன் வாங்கினேன் என்றால், வைப்புத் தொகை அப்படியே இருக்கும், வாடகையும் நிலத்தின் விலையும் காலத்தோடு ஏறும் என்ற நம்பிக்கையில்தான். அது நம்பிக்கை மட்டுமே, உறுதி கிடையாது. அந்த நம்பிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த 3.4 விழுக்காட்டை வைத்துக் குடும்பம் நடக்குமா என்று யோசித்த பிறகே மேலே போக வேண்டும்.

கோவைக்கு இந்த முதலீடு புதியது அல்ல. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதும், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர் என்று மில்கள் பெருகியதும் இந்த ஊரின் குடியிருப்பு முறையையே மாற்றின. மில்லுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறையும் சமையல் மூலையுமாக லைன் வீடுகளைக் கட்டிவிட்டார்கள். தோட்டத்தை விற்றவர்களும் சிறிய வியாபாரிகளும் அதையே தங்கள் பென்ஷனாக வைத்துக்கொண்டார்கள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, சங்கு ஊதும் நேரத்தை ஒட்டிய வாழ்க்கை. என் பெரியம்மா குடும்பம் அப்படியொரு லைன் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தது. இன்றைய போர்ஷன் வீடு அதன் வளர்ந்த வடிவம்தான். கழிப்பறையும் சமையலறையும் உள்ளே வந்துவிட்டன, தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் சாக்கடையும் மாடிப்படியும் இன்றும் பொதுவாகவே இருக்கின்றன. இந்தப் பொதுவானவற்றில்தான் இந்த முதலீடு நிற்பதும் விழுவதும் என்பது என் முடிவு. எவ்வளவு வாடகை என்று எல்லோரும் கேட்கிறார்கள். குடியிருப்பவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்று கேட்டவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

அந்தக் கேள்விக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் காலி செய்தால் எனக்குச் சராசரியாக ஒரு மாத வாடகை போகிறது, வெள்ளையடிக்கவும் குழாய், சுவிட்ச் மாற்றவும் 6,000 ஆகிறது, ஆக 13,750. நான்கு வீடுகளிலும் ஆண்டுதோறும் ஆள் மாறினால் 55,000 செலவு. ஒவ்வொரு குடும்பமும் நான்கு ஆண்டு இருந்தால் ஆண்டுக்கு 13,750 மட்டுமே. இரண்டுக்கும் இடையே 41,250 ரூபாய், என் நிகர வருமானத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். வாடகையை 500 ரூபாய் கூட்டிக் கேட்பதால் ஒரு வீட்டில் ஆண்டுக்குக் கிடைப்பது 6,000 தான். அதற்காக ஒரு நல்ல குடும்பத்தை அனுப்பிவிட்டால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும்.

நான் இந்தக் கட்டடத்தை முதலில் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விற்பவர் மொட்டைமாடித் தொட்டி வரை கூட்டிச்சென்று காட்டினார், தொட்டி நிரம்பியிருந்தது. இறங்கி வரும்போது மேல்வீட்டில் குடியிருந்த வயதான அம்மா ஒருவர், விற்பவர் முன்னால் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: ‘தண்ணி விடற அன்னைக்கு வந்து பாருங்க தம்பி. அப்பத்தான் இந்த ஊட்டப் பத்தித் தெரியும்.’ மாநகராட்சித் தண்ணீர் எங்கள் பகுதிக்குச் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். அந்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காலை ஆறு மணிக்குத் தனியாகப் போய் நின்றேன். தண்ணீர் தரைமட்டத்துக் குழாயில் வந்து கீழ்த்தொட்டியில் விழுந்தது. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் அதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த ஒற்றைத் தொட்டியிலிருந்து நான்கு வீட்டுக்கும் ஒரே குழாய் இறங்கியதால், கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மேல்வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வந்தது. எட்டு மணிக்குள் மாடித் தொட்டி காலி. மேல்வீட்டு இளைஞர் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் இரண்டு குடத்தோடு படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார், கீழ்வீட்டு அம்மா அவரோடு பேசுவதில்லை என்பதும் தெரிந்தது. ஐந்து ஆண்டுகளில் மேல்வீடுகள் இரண்டிலும் எட்டுக் குடும்பங்கள் மாறியதன் காரணம் அன்று காலை ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. விலையில் ஒரு லட்சத்தைக் குறைக்க அதுவே உதவியது.

வாங்கியதும் முதலில் செய்த வேலை அதுதான். மாடியில் 500 லிட்டர் கொள்ளளவில் நான்கு சின்டெக்ஸ் தொட்டிகளை வைத்து, வீட்டுக்கு ஒன்று என்று தனிக்குழாய் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் மிதவை வால்வு போட்டு, மோட்டாரையும் ஒரு குதிரைச் சக்திக்கு மாற்றினேன். போர்வெல் உப்புத் தண்ணீருக்குத் தனிக்குழாய் ஏற்கெனவே இருந்தது, அதை மட்டும் சுத்தம் செய்தோம். எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். யார் எவ்வளவு செலவழித்தாலும் அது அவரவர் தொட்டியோடு முடிந்தது. வழிசொன்ன அந்த அம்மா இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார். போர்ஷன் வீடு வாங்க நினைப்பவர்கள் டைல்ஸையும் வண்ணத்தையும் பார்ப்பதற்கு முன்னால், தண்ணீர் வருகிற நாளில் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாள் ஒருமுறையும் போய்ப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்திலும் இதே கதைதான். நான் வாங்கிய 2023-இல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை, அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். எனவே இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர் இருந்தால், இரண்டாவது குடும்பத்துக்குச் சேர வேண்டிய இலவச யூனிட் போய்விடுவதோடு, இருவர் பயன்பாடும் சேர்ந்து மேல் அடுக்குக் கட்டணத்துக்குள் போய்விடும். அந்தச் சுமையைத் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்கிற விலையில் குடியிருப்பவர் சுமக்கிறார். பதினொரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் நான் அப்படிக் கட்டியிருக்கிறேன். அது நியாயமில்லை என்பதே என் எண்ணம். இந்தக் கட்டடத்தில் கீழே இரு வீடுகளுக்கும் தனி மீட்டர் இருந்தது, மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். இன்னொரு இணைப்பு வாங்கிப் பிரித்தேன். இப்போது வீடு கேட்டு வருபவர்கள் வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, ‘தனி மீட்டருங்களா?’ என்பதுதான்.

மோட்டாருக்கும் படி விளக்குக்குமான பொது இணைப்பின் கட்டணம் வேறு வகை. 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் இந்தப் பொதுப் பயன்பாட்டு இணைப்புகளுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள், அடுத்த ஆண்டு அது 8 ரூபாய் 15 காசு ஆனது. சிறிய குடியிருப்புகளிலிருந்து எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கிற கட்டடங்களுக்கு 2023 நவம்பர் முதல் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். என்னுடையதைப் போன்ற நான்கு வீட்டுக் கட்டடத்துக்கு இது நல்ல உதவி. ஐந்தாவது மாடி வரை ஏற்றிக் கட்டி லிஃப்ட் வைத்த கட்டடத்தின் வாடகையைக் கேட்டு மயங்குபவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பத்திர விஷயத்தில் நான் வேண்டாம் என்று விட்டுவந்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்வது அதிகம் பயன்படும். சரவணம்பட்டிப் பக்கம், ஐ.டி. நிறுவனங்களுக்கு அருகில், ஆறு போர்ஷன்கள், மாதம் 54,000 வாடகை. வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்குச் சுத்தமாக இருந்தது, மூலப் பத்திரமும் பட்டாவும் சரியாக இருந்தன. ஆனால் வரைபட ஒப்புதலைக் கேட்டபோது தரைத்தளத்தில் இரண்டு வீடுகளுக்கு மட்டுமே அனுமதி இருந்தது தெரிந்தது. முதல் மாடி அனுமதி இல்லாமல் ஏறியிருந்தது, அதற்கு மேல் தகரக் கூரையோடு இரண்டு வீடுகள். விற்பவர், ‘இந்த ஏரியாவுல எல்லாமே இப்படித்தானுங்க, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க’ என்றார். அவர் சொன்னது ஓரளவுக்கு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற தரைத்தளத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார், கிடைக்கக்கூடிய கடன் நாங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை. எனக்குக் கடன் தராத வங்கி, நாளை நான் விற்கும்போது என்னிடம் வாங்க வருபவருக்கும் தராது. அப்படியென்றால் அந்தக் கட்டடத்தை முழுப் பணமும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும், அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். ஆறு வாடகையில் நான்கு வாடகை அனுமதியில்லாத சுவர்களிலிருந்து வருகிறது என்றால், விலை பேசும்போது அந்த நான்கையும் முழு மதிப்பில் எண்ணக் கூடாது.

இன்னொரு பொறி, குடியிருப்பவர்கள் கொடுத்துவைத்திருக்கும் பணம். நான் வாங்கிய கட்டடத்தில் மூன்று வீடுகள் மாத வாடகைக்கு இருந்தன, நான்காவது வீடு லீசுக்கு விடப்பட்டிருந்தது. அதாவது அந்தக் குடும்பம் மொத்தமாக 4 லட்சம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் குடியிருந்தது. காலி செய்யும்போது அந்த 4 லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். விற்பவர் அதையும் 8,000 வாடகை வருகிற வீடு என்றே கணக்கில் சொல்லியிருந்தார். வீடு வீடாகப் போய்க் குடியிருப்பவர்களிடமே பேசியதால்தான் தெரிந்தது. கட்டடத்தை வாங்குகிறவர் அதில் இருப்பவர்களின் ஒப்பந்தத்தையும் சேர்த்தே வாங்குகிறார், திருப்பித் தர வேண்டிய பொறுப்பு தானாகவே தலையில் வந்து விழும். எனவே ஒவ்வொரு வீட்டின் அட்வான்ஸ் தொகையையும் எழுதி, குடியிருப்பவரும் விற்பவரும் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கி, லீஸ் தொகை 4 லட்சத்தையும் மற்ற மூவரின் அட்வான்ஸ் 1 லட்சத்து 20 ஆயிரத்தையும் பதிவு நாளன்று தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டேன். லீஸ் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. முடிந்ததும் பணத்தைக் கொடுத்து, அதே குடும்பத்தையே மாத வாடகைக்கு இருக்கச் சொன்னேன், இருந்தார்கள்.

அதேபோல், விற்பவர் காட்டுகிற சொத்து வரி ரசீதின் தேதியைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் வரி உயர்ந்தது. கோவை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 100 விழுக்காடும் கூடியது. அதற்கு முந்தைய ரசீதை வைத்துச் செலவைக் கணக்கிட்டால் தவறாகிவிடும்.

வாடகைச் சட்டம் மாறியிருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பே சொல்ல வேண்டும், குடியிருப்பவரோடு என்ன தகராறு என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. இவை வீட்டுக்காரரைக் கட்டிப்போடும் விதிகள் என்று சிலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் ஒருமுறை வாடகை வீட்டைக் காலி செய்தபோது, 60,000 அட்வான்ஸில் வண்ணம், கதவு, ‘இதர செலவு’ என்று 27,000-ஐப் பிடித்துக்கொண்டு, மீதியை நான்கு மாதம் கழித்துத் தந்தார் அந்த வீட்டுக்காரர். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் அது, அந்தப் பணம் இல்லாமல் நாங்கள் பட்ட சிரமம் இன்னும் நினைவில் இருக்கிறது. அட்வான்ஸ் குடியிருப்பவரின் பணம். நான் நான்கு பேரின் அட்வான்ஸையும் தனிக் கணக்கில் வைப்பாகப் போட்டிருக்கிறேன், தொடுவதில்லை.

யாருக்கு விடுவது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரகர்கள் போனில் முதலில் கேட்பது, ‘எந்த ஆளுங்களுக்குக் கொடுப்பீங்க?’ என்றுதான். சாதியையும் மதத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி வருகிறது. தனியாக இருக்கும் பெண்களுக்கு இல்லை, வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இல்லை, அசைவம் சமைப்பவர்களுக்கு இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அது மனிதர்களுக்குச் செய்கிற அநீதி என்பதுதான் முதல் விஷயம், வேறு எந்தக் கணக்கும் அதற்குப் பிறகுதான். நான் கேட்பவை மூன்று: எங்கே வேலை செய்கிறீர்கள், இதற்கு முன் இருந்த வீட்டில் எத்தனை ஆண்டு இருந்தீர்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேசலாமா. கீழ்வீடு ஒன்றில் ஒடிசாவைச் சேர்ந்த தம்பதி இருக்கிறார்கள். கணவர் ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டர், குழந்தை அருகிலுள்ள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறது. இரண்டரை ஆண்டில் வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.

கடன் எவ்வளவு வாங்கலாம் என்பதில் வங்கியின் கணக்கும் நம் கணக்கும் வேறு. என் சம்பளத்தைப் பார்த்து வங்கி 52 லட்சத்து 50 ஆயிரம் வரை தர முன்வந்தது. எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு அதன் மாதத் தவணை 45,500-க்கு மேல் வரும். நான்கு வீடும் ஒரு நாள்கூடக் காலியாகாமல் வாடகை வந்தாலும் 31,000 தான். அதனால் நான் வேறு வழியில் கணக்கிட்டேன்: செலவெல்லாம் போக மாதம் நிற்பது 23,000, அதற்குள் அடங்குகிற தவணைக்கு மட்டுமே கடன். அப்படி வந்ததுதான் 25 லட்சம், தவணை சுமார் 21,700. சம்பளத்தில் கை வைக்காமல் கட்டடமே தன் கடனைக் கட்ட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். சொந்தப் பணம் இவ்வளவு இல்லாதவர்களை இந்தக் கணக்கு வருத்தும் என்பது தெரியும். ஆனால் வாடகையைவிடப் பெரிய தவணையோடு இதில் இறங்கி, ஒரு வேலையிழப்பில் கட்டடத்தையே விற்ற இரண்டு குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும்.

வருமான வரி இதில் அவ்வளவு பாரமில்லை. கிடைத்த வாடகையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று ரசீது இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். எனக்கு முதல் ஆண்டில் வரிக்குரியதாக மிஞ்சியது சுமார் 32,000 ரூபாய்தான். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள், வாடகையைவிட வட்டி அதிகமாகி நட்டம் வந்தால் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் அது ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான். பெரிய கடன் வாங்கினால் வரி மிச்சமாகும் என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதே 70 லட்சத்துக்கு அவினாசி சாலைப் பக்கம் நல்ல அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று என் மைத்துனர் இன்றும் கேட்கிறார். அதில் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான நிலத்தில் பிரிபடாத பங்காக எனக்கு நானூறு, ஐந்நூறு சதுர அடி வந்திருக்கும், இங்கே ஏறத்தாழ 1,525 சதுர அடி நிலம் முழுவதும் என்னுடையது. அங்கே ஒரு குடும்பம் காலி செய்தால் வாடகை முழுவதும் நின்றுவிடும், இங்கே மூன்று வீடுகள் தொடரும். அவசரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அடுக்குமாடி வீட்டுக்குத்தான் ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்பதை நான் மறுக்க மாட்டேன். நான்கு போர்ஷனில் ஒன்றை மட்டும் விற்க முடியாது, மொத்தமாக வாங்க வருபவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்படக்கூடிய பணத்தை இதில் போடாமல் இருப்பது நல்லது.

மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாடகை இப்போது 35,000. உயர்த்துவதற்கு மூன்று மாதம் முன்பே நான்கு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். 7 லட்சத்து 80 ஆயிரம் தவணை கட்டியும், தொடக்கத்தில் இருந்த வட்டியிலேயே கணக்கிட்டால் அசலில் குறைந்தது 1 லட்சத்து 63 ஆயிரம்தான். இந்த ஆண்டு வெளிச்சுவர் முழுவதும் விரிசல் அடைத்து வண்ணம் பூச 1 லட்சத்து 10 ஆயிரம் ஆகப் போகிறது, எனவே கையில் நிற்பது முதல் ஆண்டைவிடக் குறைவாகவே இருக்கும். மேல்வீட்டு இளைஞருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. சமையலறையில் இன்னொரு அலமாரி வைத்துத் தர முடியுமா, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று போன வாரம் கேட்டார். ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வந்து அளவு எடுக்கிறார்.